வேம்பின் காது

அக்கா வீட்டு வேப்பமரத்தடியில் முளைத்தது என்ன என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் என்னால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. காளான் என்பதில் சந்தேகமில்லை. என்ன காளான் என்பதில்தான் குழப்பம். அந்தக் குழப்பம் என் மண்டையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு கைக்குழந்தை எங்கே தூங்குவது என்பதை அல்லவா அதை வைத்துத் தீர்மானிக்கச் சொன்னார்கள்!

ஜப்பான்காரன் மதராஸில் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய வருஷம் அது. அப்பாவுக்குத் தபால் ஆபீஸ் உத்தியோகம், விட்டுவிட்டு வர முடியாது. அவரை விட்டுவிட்டு அம்மா வரமாட்டாள். ஆகவே இண்டர்மீடியட் முதல் வருஷம் முடித்திருந்த என்னை மட்டும் ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயிலேற்றி, திருத்தணிக்கு அக்கா வீட்டுக்கு அனுப்பினார்கள். பெட்டியில் நான் வைத்திருந்த தாவர இயல் புஸ்தகத்தை அம்மா வெளியே எடுத்துப் போட்டுவிட்டு ஒரு பித்தளைத் தவலையை வைத்தாள். "புஸ்தகம் எரிஞ்சா வேற வாங்கலாம். இந்தத் தவலை கெடைக்குமா?" என்றாள். ரயிலில் மணவூர் தாண்டும்வரை அந்தப் பெட்டிமேல்கூட உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டு வந்தேன். பின்னால் அந்தப் புஸ்தகத்தை நினைத்து நினைத்து எத்தனை முறை பல்லைக் கடித்திருக்கிறேன் என்பது அம்மாவுக்குத் தெரியாது.

அக்கா வீடு மலைக்குப் போகும் தெருவில் இருந்தது. முன்பக்கம் அக்கா புருஷனின் பூஜைச் சாமான் கடை. குங்குமம், விபூதி, கற்பூரம், குழந்தைகளுக்கு அரக்குச் சாயம் பூசிய மரச்சொப்பு, எல்லாம் இருக்கும். அக்கா புருஷனை அந்தப் பக்கத்தில் பாவா என்றுதான் கூப்பிட வேண்டும். ஊர் அப்போது சித்தூர் ஜில்லா. தெருவில் ஆரம்பிக்கிற சண்டை தமிழில் ஆரம்பித்தால் தெலுங்கில் முடியும். கடைக்குப் பின்னால் ஒரு சமையலறை, அதற்கும் பின்னால் ஒரே ஒரு அறை. அந்த அறையின் ஓட்டுக்கூரைமேல் சாய்ந்தபடி, கொல்லை வேலியோரமாக அந்த வேப்பமரம் நின்றது. அறையின் உத்தரத்தில் அக்காவின் குழந்தைக்குத் தூளி கட்டியிருந்தது. பெரிய வீடாக இருந்திருந்தால் தூளியை வேறு அறைக்கு மாற்றிவிட்டு இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடலாம். வேறு அறை கிடையாது.

வீட்டில் இன்னொருவர் பாவாவின் அம்மா. நானும் அத்தை என்றுதான் கூப்பிட்டேன். அக்காவின் மாமனாருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை, லீவு கிடைத்தால் வருவார். ஆகவே வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம். நல்ல மனுஷிதான். பேரன்மேல் உயிர். ஆனால் ஒன்றை நினைத்துவிட்டால் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது. என் குணமும் அதேதான் என்பதால் எங்கள் இருவருக்கும் முதல் வாரத்திலேயே முட்டிக்கொண்டது.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த பிறகு கொல்லையைப் பெருக்கப் போன அக்காதான் அதை முதலில் பார்த்தாள். மரத்தின் அடியில், வேருக்குச் சற்று மேலே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தட்டுகள் முளைத்திருந்தன. கையகலம், நல்ல கனம். மேல்புறம் செம்பழுப்பாக, கடையில் விற்கிற அரக்குச் சொப்பு மாதிரி பளபளத்தது. விளிம்பு மட்டும் வெள்ளை. மண்ணில் முளைக்கிற குடைக்காளான் போல இல்லை, காம்பில்லாமல் மரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டினால் மரம் போலவே சத்தம் கேட்டது.

அத்தை வந்து பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"காதுடி இது! அம்மாவோட காது. ரெண்டு பக்கமும் மொளைச்சிகீது பாரு. நம்ம கொறையக் கேக்க வந்துகீறா."

சொன்ன கையோடு மஞ்சளை அரைத்துப் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரமும் காட்டிவிட்டாள். சாயங்காலத்துக்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து ஆளுக்கொரு கை மஞ்சள் பூசினார்கள்.

பாவா மட்டும் முகத்தைச் சுளித்தார். "காது இன்னா காது? மரம் உள்ள உளுத்துப்போச்சு, அதான் காளான் பூத்துகீது. அடைமழைக்கு மின்னாடி வெட்டிப்புடணும். கூரை மேல சாஞ்சா இன்னா ஆவறது?"

"வெட்டுவியா? வேம்பை வெட்டினா வீட்டுப் புள்ளைக்கு அம்மை வாக்கும். தெரியுமில்ல?"

பாவா தூளி இருக்கிற அறைப் பக்கம் பார்த்தார். அவருக்கும் பிள்ளை ஒன்றே ஒன்றுதான்.

பிறகு இரண்டு பேரும் சேர்ந்தாற்போல என் பக்கம் திரும்பினார்கள். "மரம் செடியப் பத்தித்தானே படிச்ச? நீயே சொல்லு" என்றார் பாவா. "ஆங், சொல்லட்டுமே" என்றாள் அத்தை, என்னால் முடியாது என்ற நம்பிக்கையோடு.

அன்று கிணற்றடியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "காதோ காளானோ, அது எனக்கு வேணாம்டி. இந்த மரம் விழுமா, விழாதா? அத மட்டும் சொல்லு. எம்புள்ள அதுக்குக் கீழதான் தூங்குது."

நான் என்னத்தைச் சொல்வேன்? காலேஜில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் பாடம் நடத்தினார். இலையுதிர் காடுகளில் மரத்தை அரிக்கிற தட்டுக்காளான்கள் உண்டு என்றார். சில, செத்த கட்டையை மட்டும் தின்னும். அவை மெல்லிசாக, தோல் போல இருக்கும். சில, உயிருள்ள மரத்தின் வேர் வழியாகப் புகுந்து, மேலே இலை பச்சையாக இருக்கும்போதே அடியைத் தின்றுவிடும். அவை கட்டையாக, பளபளப்பாக இருக்கும். இரண்டாவது வகையைத் தூளை வைத்து அறியலாம். அடிப்புறத்தின் நுண்ணிய துளைகளிலிருந்து கோகோ நிறத்தில் தூள் உதிரும். இவ்வளவையும் பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனால் மரத்தில் அந்தக் காளானை ஒரு தடவையும் பார்த்ததில்லை. கோகோவையும் பார்த்ததில்லை. சைனா பஜாரில் ஒரு கடையின் கண்ணாடிக்குள் டப்பாவைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பது கறுப்பா சிவப்பா, யார் கண்டது?

தவிர, அது காட்டு மரத்தில் வருவது என்று அந்த அம்மாள் சொன்னார். கொல்லையில் நிற்கிற வேம்பு காடா? அதிலேயே எனக்குக் குழப்பம் ஆரம்பித்துவிட்டது.

ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மலையின் பின்சரிவில் ஏறினேன். விறகு பொறுக்கப் போகிறோம் என்று அத்தையிடம் சொன்னோம். ஆவணி மழைக்கு முட்செடியெல்லாம் துளிர்த்திருந்தது. விழுந்து கிடந்த ஒரு கட்டையில் தட்டுக்காளான்கள் வரிசை வரிசையாக இருந்தன. மெல்லிசு, விசிறி வடிவம், மேலே பழுப்பும் சாம்பலுமாகக் கோடுகள், அடியில் வெள்ளை. ஒன்றைப் பிய்த்து வளைத்தேன். தோல் போல வளைந்தது. இது செத்த கட்டையைத் தின்கிற ஜாதி என்று எனக்கு நானே மார்க்குப் போட்டுக்கொண்டேன். வீட்டு மரத்தில் இருப்பதோ இப்படி இல்லை. நாலு அடி தள்ளி உயிரோடு நின்ற ஒரு மரத்திலும் அதே விசிறிக் காளான் இருந்ததைப் பார்த்ததும் போட்ட மார்க்கையும் அழித்துவிட்டேன். செத்ததை மட்டும் தின்னும் என்றார்களே, உயிரோடு நிற்கிற மரத்தில் இதற்கு என்ன வேலை? விறகோடு திரும்பினோம். அக்கா வழியெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மிச்சம் இருந்தது தூள். அதைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் மஞ்சள் குங்குமம் இல்லாத காளான் வேண்டும். அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஒரு சொம்புத் தண்ணீரும் தேங்காய் நாரும் கொண்டுபோய் இரண்டையும் தேய்த்துக் கழுவினேன். மஞ்சள் போயிற்று. அதற்கு மேலாகப் படிந்திருந்த மங்கிப்போன சிவப்புப் பொடியும் போயிற்று. அடியில் கடையிலிருந்து வாங்கிய வெள்ளைக் காகிதத்தை விரித்து, கல் வைத்துவிட்டு வந்தேன். அத்தை திரும்பி வந்ததும், இரண்டு நாள் அதைத் தொட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் காளானின் மேலே பொடி! கையால் அள்ளித் தூவினது போல, தட்டு முழுவதும் பழுப்புச் சிவப்பில் படிந்திருந்தது. கீழே காகிதத்தில் கொஞ்சம்தான். தூள் அடிப்பக்கத்திலிருந்து விழுவது, கீழே போகாமல் தலைமேல் எப்படி ஏறும்? யாரோ விடியற்காலையில் வந்து மறுபடி குங்குமம் போட்டிருக்கிறார்கள், அதில் சிந்தியதுதான் காகிதத்தில் இருக்கிறது. எனக்கு அதில் துளியும் சந்தேகம் வரவில்லை.

காகிதத்தோடு நேரே சமையலறைக்குப் போனேன். "அத்தை, ரெண்டு நாள் அதத் தொடாம இருங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"நான் எங்க தொட்டேன்?"

"அப்ப குங்குமம் தானா வந்துச்சா?"

"இன்னாடி, வீட்டுக்கு வந்த பொண்ணு எங்கிட்ட கணக்கு கேக்கற? என் புள்ள மேல சத்தியமா நான் அந்தப் பக்கமே போவல."

சத்தம் கேட்டுப் பாவா கடையிலிருந்து வந்தார். காகிதத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலால் தேய்த்தார், முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குங்குமம் விற்பவர் முகத்தில் ஒரு வெறுப்பு வந்தது. "இது நம்ம சரக்கு இல்ல. செங்கல் பொடி கலந்தது. யுத்தம் வந்ததுலருந்து இதத்தான் குங்குமம்னு வித்துகினு இருக்கானுங்க. எதிர்க்கடையில வாங்கனவங்க யாரோ வந்து வெச்சிகீறாங்க."

அப்போது நல்ல குங்குமம் கிடைப்பது அரிதுதான். எல்லார் நெற்றியிலும் பழுப்பும் மங்கலுமாகத்தான் இருந்தது. ஆகவே பாவா சொன்னது எங்கள் எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. நானும் ஆங் ஆங் என்று தலையாட்டினேன். முந்தின நாள் நான் நாரால் தேய்த்துக் கழுவியதும் அதே பொடிதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை பேரும் ஒரு பொடியைக் கையில் வைத்துக்கொண்டு, அது எந்தக் கடைச் சரக்கு என்று ஆராய்ந்துகொண்டிருந்தோம்.

அத்தைக்கும் ரோஷம் வந்துவிட்டது. "யார் வந்து தொடறாங்கன்னு நானும் பாக்கறேன்" என்று அவளே மறுபடி கழுவிவிட்டு, ஒரு பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து மரத்தோடு சேர்த்துக் கட்டினாள். முடிச்சுமேல் சாணியும் அப்பினாள். யாராவது அவிழ்த்தால் தெரிந்துவிடும்.

காலையில் சாணி அப்படியே காய்ந்திருந்தது. கூடையை எடுத்தாள். உள்ளே இரண்டு காதிலும் பொடி, கூடையின் உட்புறத்திலும் பொடி.

அத்தை அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டாள். "அம்மா! நீயே குங்குமம் குடுக்கறியா தாயே!" என்று கத்தினது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். சற்று நேரத்தில் வேலியோரம் கூட்டம். ஆளாளுக்கு விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார்கள், தாலியில் வைத்துக்கொண்டார்கள். ஆர்.கே.பேட்டையிலிருந்து சாமி கும்பிட வந்த ஒரு குடும்பம் மலைக்குப் போகாமல் முதலில் எங்கள் கொல்லைக்கு வந்தது. வந்தவர்கள் தேங்காயும் கற்பூரமும் பாவா கடையிலேயே வாங்கினார்கள். மரத்தை வெட்டியே ஆக வேண்டும் என்ற பாவாவின் பேச்சு அன்றோடு நின்றது.

அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டுதான் எனக்கு உறைத்தது. யாரும் கை வைக்கவில்லை. அப்படியானால் பொடி காளானுடையது. கீழே உதிர்கிற தூள் காற்றில் கிளம்பித் தலைமேலேயே படிகிறதோ என்னவோ! அப்படியானால் கோகோ என்பது இந்த நிறம்தானா? மரம் அடியில் செத்துக்கொண்டிருப்பதற்கான அடையாளத்தை அல்லவா இவர்கள் நெற்றியில் வைத்துக்கொள்கிறார்கள்!

"அத்தை, அது குங்குமம் இல்ல. காளானோட தூள். மரம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்."

"நேத்து வரைக்கும் நான் வெச்சேன்னு சொன்ன. உங்க பாவா செங்கல் பொடின்னாரு. இன்னிக்குக் காளான் தூளா?" அத்தை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். கூட்டம் சிரித்தது. அவள் கேட்டதில் தப்பென்ன? மூன்று நாளில் மூன்று பேச்சுப் பேசினவளை யார் நம்புவார்கள்? திரும்பினால் அக்கா நின்றாள், இடுப்பில் குழந்தை. அதன் நெற்றியில் அந்தப் பொடி பெரிய பொட்டாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

உள்ளே போனதும் அக்கா கேட்டாள். "நெஜமா சொல்லு. மரம் விழுமா?"

"விழும்னுதான் நெனைக்கறேன்."

"நெனைக்கறியா, தெரியுமா?"

மேலே பார்த்தேன். மரம் பச்சைப் பசேலென்று இருந்தது. ஒரு கிளை பட்டுப்போகவில்லை. மறுபடி குழப்பம். நான் கோகோவைப் பார்த்திருந்தால், அந்தப் புஸ்தகம் மட்டும் கையில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனோ? "தெரியலக்கா" என்றேன். அதைவிட உண்மையான ஒரு வார்த்தையை அந்த மாசம் முழுவதும் நான் சொல்லவில்லை.

அக்கா தூளியின் கயிற்றை இழுத்து முடிச்சைப் பார்த்தாள். பிறகு நேரே அத்தையிடம் போனாள். "நீங்க ஒண்ணு சொல்றீங்க, அவ ஒண்ணு சொல்றா. எனக்குப் பைத்தியம் புடிச்சிரும் போல கீது. மலைக்குப் போயி பூ கட்டிப் பாத்துரலாம் அத்தை. முருகன் இன்னா சொல்றாரோ அதும்படி."

இதற்கு அத்தை மறுப்புச் சொல்ல முடியாது. முடிவுக்கு வராத காரியத்துக்கெல்லாம் அந்த வீட்டில் பூ கட்டித்தான் பார்ப்பார்கள். பாவாவுக்கு அக்காவை எடுத்ததே பூ கட்டிப் பார்த்துத்தான். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் இலையில் கட்டிச் சாமி காலடியில் வைத்து, எது என்று தெரியாமல் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் மரம் இருக்கட்டும், சிவப்பு வந்தால் வெட்டிவிடலாம் என்று பேசிக்கொண்டோம். மறுநாள் படியேறினோம். நந்தியாவட்டையும் செவ்வரளியும் வாங்கிக்கொண்டு, நடையோரம் உட்கார்ந்து அக்காதான் இலையில் மடித்துக் கட்டினாள். நான் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றேன். குருக்கள் பொட்டலங்களை வாங்கிச் சாமி காலடியில் வைத்தார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் கேட்டு வாங்கினாள். பிரித்தாள். செவ்வரளி.

அத்தையின் முகம் செத்துவிட்டது. ஆனாலும் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மிச்சப் பொட்டலத்தை அக்கா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். சாமி காலில் பட்ட பூ யார் காலிலும் படக் கூடாதென்று இறங்கும் வழியில் குளத்தில் விட்டாள்.

வெட்டுவதற்கு அத்தை ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். காது இருக்கிற அடிமரத்தைத் தொடக் கூடாது. ஆகவே வந்த ஆட்கள் கிளைகளைக் கழித்துவிட்டு, இடுப்பு உயரத்துக்கு அடியை விட்டு மேலே அறுத்தார்கள். அறுத்த முகத்தைப் பார்க்க ஓடினேன். உள்ளே செக்கச்செவேலென்று, வைரம் பாய்ந்த மரம். ஒரு ஓட்டை இல்லை, ஒரு பொத்தல் இல்லை. "இரும்பு மாதிரி கீதும்மா. இத எதுக்கு வெட்டச் சொன்னீங்க?" என்றான் ரம்பம் பிடித்தவன். பாவா என்னை ஒரு பார்வை பார்த்தார். அத்தை அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. அப்படியென்றால் பொடி? பளபளப்பு? அந்த அம்மாள் சொன்னது எல்லாம்? ஒன்றோடு ஒன்று ஒட்டவே இல்லை.

அதற்கு மேல் நடந்ததுதான் பெரிய கொடுமை. ஐப்பசியில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் உடம்பெல்லாம் மணல்வாரி அம்மை. அத்தை யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அம்மை வார்த்த வீட்டில் பிள்ளையின் தலைமாட்டிலும் வாசலிலும் வேப்பிலை வேண்டுமல்லவா? எங்கள் வேம்பு விறகாக அடுக்கியிருந்தது. தெருவில் வீடு வீடாகப் போய் நான் வேப்பிலை கேட்டு வாங்கி வந்தேன். அக்கா சாப்பிடவில்லை, தூங்கவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மலைக்கு முதுகைக் காட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். வெட்டச் சொன்ன சாமிமேல் அவளுக்குக் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன். என்னால்தான் எல்லாம் என்று அவள் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அடுத்த ரயிலில் குண்டு விழுகிற மதராஸுக்கே போய்விடுவேன் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

குழந்தை பிழைத்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று அத்தை முதல் முறையாக என்னிடம், "சாப்புட்டியா?" என்று கேட்டாள்.

பிறகு கார்த்திகை மழை. இரண்டு நாள் விடாத காற்று, எதிர்வீட்டு ஓடுகளைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. காற்று அடங்கிய காலையில் கிருத்திகைக்கு வண்டிகள் வந்து சேர்ந்தன. அம்மையார்குப்பத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வண்டிக்காரர், கொல்லைச் சந்தில் இடம் பார்த்து நிறுத்திவிட்டு, ஒரு மாட்டை எங்கள் அடிமரத்தில் கட்டிவிட்டு மலையேறிப் போய்விட்டார். அவருக்கு அது அம்மன் என்று தெரியாது, கட்டுத்தறி என்று நினைத்திருப்பார். நாங்கள் யாரும் பார்க்கவில்லை. தெருவில் மேளச் சத்தம் கேட்டு மாடு மிரண்டு ஒரு இழு இழுத்தது.

"ஐயோ, அம்மா போறாளே!" என்று அத்தை போட்ட கூச்சலில் எல்லாரும் ஓடினோம். மாடு தெருவில் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் மஞ்சளும் குங்குமமும் பூசிய காதுகளோடு அடிமரம் முழுசாக இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தது. வழியில் நின்றவர்களில் சிலர் ஊர்வலம் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். பாவா ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்.

அடிமரத்தைப் புரட்டிப் போட்டோம். கீழே வேர் என்று ஒன்றும் இல்லை. இருந்த இடத்தில் ஊறிய அவல் மாதிரி வெளுத்த சக்கை. அத்தை ஒரு பிடி எடுத்தாள். விரலிடுக்கில் கூழாக வழிந்தது. மேலே இரும்பு, கீழே கூழ். அத்தனை உயரமும் பாரமுமாக நின்ற மரம் எதன்மேல் நின்றுகொண்டிருந்தது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

அத்தை கூரையைப் பார்த்தாள். தூளி ஆடுகிற அறையைப் பார்த்தாள். பிறகு கையைக்கூடக் கழுவாமல் உள்ளே ஓடி, தூங்குகிற குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். "என் நைனா, என் நைனா" என்று முத்தம் கொடுத்தாள். வெளியே வந்து என்னிடம் சொன்னாள்: "பாத்தியா, நான் சொல்லல? அம்மா காதக் காட்டி எச்சரிக்க பண்ணா. குங்குமம் குடுத்தா. நமக்குத்தான் புரியல." நான் வாதாடவில்லை. அவள் சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் எவ்வளவு வித்தியாசம் இருந்தது என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு காதில் ஒன்றைப் பாவா கடையில் மாட்டிவைத்தார். மற்றதை நான் பெட்டியில் போட்டுக்கொண்டேன். மதராஸ் திரும்பிக் காலேஜ் போனதும் அதே கண்ணாடி அம்மாளிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தூள் என்ன நிறம்?" என்றார். பழுப்புச் சிவப்பு என்றேன். தூளைக் காட்டு என்றார். அத்தை பூசிய குங்குமமும் அதன் தூளும் ஒன்றாகக் குழைந்து காய்ந்திருந்தன. "இதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால், ஊருக்குக் கிளம்பின அன்று நடந்தது. அக்கா கிணற்றடியில் குழந்தையின் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்ல வேளைக்கா, முருகன் செவப்புப் பூவைக் குடுத்தாரு" என்றேன்.

அவள் துணியைப் பிழிந்தாள். "ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புதான் கட்டினேன்."

"சாமிய ஏமாத்திட்டியா?"

"ஏமாத்தல. கேக்கவே இல்ல." தலையை நிமிர்த்தவில்லை. "நீ தெரியலன்ன. தெரியாத மரத்துக்குக் கீழ எம்புள்ளயப் போட முடியுமா? கேட்டு, அவரு வேணான்னு சொல்லிட்டா நான் இன்னா பண்றது?"

அப்படியானால் குழந்தைக்கு அம்மை வார்த்த அத்தனை நாளும் இவள் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது கோபத்தில் இல்லை. பயத்தில். சாமியைக் கேட்காமல் வெட்டியதற்குச் சாமி பிள்ளையைக் கேட்கிறாரோ என்று ஒருத்தரிடமும் சொல்லாமல் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. நான் வேப்பிலைக்கு அலைந்துகொண்டு, என் அவமானத்தை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா" என்றேன்.

உள்ளே குழந்தை அழுதது. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அத்தை கிட்ட சொல்லிடாத" என்றாள். "தூளிய ஆட்டு. நான் இதக் காயப்போட்டுட்டு வரேன்."